காத்தாடி வண்டி

பள்ளிபாளையத்திலிருந்து போன வாரம் ஒரு தம்பி போன் செய்தான். என் தோழியின் சித்தி மகன். கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்கி இரண்டரை வருடமாக வீட்டில் இருக்கிறான். இப்போது ஒரு சின்ன ஏர்லைன் அவனை ஏ.டி.ஆர். என்கிற புரொப்பெல்லர் விமானத்துக்குக் கூப்பிட்டிருக்கிறது. "போலாங்களாக்கா, இல்ல ஏர்பஸ் வர்ற வரைக்கும் வெயிட் பண்ணட்டுங்களா? ஏ.டி.ஆர். போனா அங்கயே மாட்டிக்குவேன்னு எல்லாரும் சொல்றாங்க."

போ என்றுதான் சொன்னேன். அரைமணி நேரம் பேசியும், போனை வைத்த பிறகு பாதி விஷயம் சொல்லாமலே விட்டுப்போனது மாதிரி இருந்தது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். அறிவுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் வலது பக்க சீட்டில், அதாவது கோ-பைலட்டாக, மேற்பார்வை இல்லாமல் உட்கார ஆரம்பித்தே இன்னும் இரண்டு வருடம் முழுசாக ஆகவில்லை. எந்தக் கம்பெனி என்றும் எழுத மாட்டேன். எழுதக் கூடாது என்று வேலை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

எங்கள் ஊர் திருச்செங்கோடு. ஊர்ப்பெயரைச் சொன்னாலே தெரிந்தவர்கள் "போர் வண்டியா?" என்பார்கள். மத்தியப் பிரதேசத்தில் ஏதோ ஒரு வயலுக்கு நடுவில் ராத்திரி இரண்டு மணிக்குத் துளை போட்டுக்கொண்டிருக்கும் லாரியின் நெற்றியில் எங்கள் ஊர்ப்பெயர் இருக்கும். அப்பாவிடம் அப்படிப்பட்ட போர்வெல் ரிக் இரண்டு இருந்தன. இப்போது ஒன்று. இன்னொன்று, பறந்த நேரத்தைக் குறித்து வைக்கும் என் லாக்புக்கில் 200 மணி நேரமாக இருக்கிறது.

பிளஸ் டூவில் பிசிக்ஸும் மேத்ஸும் படித்திருந்தால் யாரும் இந்தப் பாதையில் நுழையலாம். நுழைந்த பிறகு ஒவ்வொரு வாசலிலும் பணம். விமானத்துறையைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. நடத்தும் தேர்வுகள் எனக்குச் சிரமமாகத் தெரியவில்லை. நேவிகேஷன், மெட்ராலஜி, ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் என்று ஒவ்வொன்றிலும் 70 மார்க் எடுக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து படித்தே எடுத்தேன். ரேடியோ லைசென்ஸுக்கான வாய்மொழித் தேர்வில் மட்டும் நாக்கு ஒட்டிக்கொண்டு ஒருமுறை தோற்றேன். மெடிக்கலுக்கு பெங்களூரில் விமானப்படை மையத்துக்குப் போனபோது ஹீமோகுளோபின் குறைவு என்று தற்காலிகமாகத் தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள். அம்மா இரண்டு மாதம் முருங்கைக்கீரையும் ஆட்டு ஈரலும் போட்டு என்னை ஒரு வழி பண்ணினார். மறுபடி போனபோது பாஸ்.

பறக்கும் பயிற்சிதான் என்னை உட்கார வைத்தது. மகாராஷ்டிராவில் ஒரு பள்ளி. சேரும்போது 14 மாதம் என்றார்கள். எனக்கு 29 மாதம் ஆனது. 2017 செப்டம்பரில் போனவள் 2020 பிப்ரவரியில்தான் முடித்தேன். பையன்களும் பெண்களுமாக எங்கள் பேட்ச்சில் நிறையப் பேர், ஓடுகிற நிலையில் விமானம் மூன்றோ நான்கோ. ஒன்றுக்கு டயர் வரவில்லை, ஒன்றுக்கு இன்ஜின் ஓவர்ஹாலுக்குப் போயிருக்கிறது, ஒன்றை ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் இன்ஸ்ட்ரக்டர் வேலையை விட்டுவிட்டார். ராத்திரி எட்டு மணிக்கு மறுநாள் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். பெயர் இல்லாவிட்டால் மெஸ்ஸுக்குப் போய்ச் சப்பாத்தி சாப்பிட்டுத் தூங்க வேண்டியதுதான். அப்படித் தூங்கிய ராத்திரிகளை எண்ணினால் லாக்புக்கில் இருக்கும் மணிக்கணக்கை மிஞ்சிவிடும்.

அப்பாவுக்கு மட்டும் லைசென்ஸுக்கு வேண்டிய இந்த 200 மணிக்கணக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. "நம்ம கம்ப்ரசர் ஹவர் மீட்டர் மாதிரிதானே கண்ணு, மணி ஓடுனாத்தான் காசு" என்றார். அதில் 100 மணி நேரம் நானே பொறுப்பில் இருந்து ஓட்டியிருக்க வேண்டும், 300 கடல் மைல் தூரம் போய் வழியில் இரண்டு வேறு ஊர்களில் இறங்கி வர வேண்டும் என்றெல்லாம் விதி. தூரமாகப் போய்வந்த அன்று ராத்திரி போன் செய்து, கீழே வயலில் ஒரு ரிக் நின்றது, நம்ம ஊர் வண்டியாகத்தான் இருக்கும் என்றேன். எத்தனை அடி மேலே இருந்தாய் என்று கேட்டார். 5,500 என்றேன். "நாங்க ஆயிரம் அடி கீழ போறதுக்கே மூச்சு முட்டுது" என்றார்.

லைசென்ஸ் கையில் வந்த அடுத்த மாதம், 2020 மார்ச் 25-ஆம் தேதி, உள்நாட்டு விமானங்களை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்துப் பறக்க ஆரம்பித்தாலும், இருக்கிற பைலட்டுகளுக்கே சம்பளம் குறைத்த காலம் அது. 200 மணி நேரக்காரியை யார் கூப்பிடுவார்கள்?

மூன்று வருடம் காத்திருந்தேன். காத்திருப்பதற்கும் காசு வேண்டும் என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. மெடிக்கல் வருடா வருடம். வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே ஓட்டும் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு மறுபடி மறுபடி செக். இடையில் சென்னையில் ஒரு ஏஜெண்ட், பத்து லட்சம் கொடுத்தால் "உள்ளே சொல்லி" வாங்கித் தருகிறேன் என்றார். அப்பா அவரிடம் ரசீது கொடுப்பீர்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பிறகு அந்த ஆள் போனை எடுக்கவில்லை. நான் அப்பாவின் ஆபீஸில் உட்கார்ந்து டீசல் பில், கேசிங் பைப் பில், டிரைவர் பேட்டா எல்லாம் எழுதினேன். சாயங்காலம் பத்தாவது பிள்ளைகளுக்கு டியூஷன். தெருவில் என்னை "பைலட் டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கிண்டல் இல்லை, மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். அதுதான் இன்னும் வலித்தது.

இந்த இடத்தில் தம்பிக்கு ஒன்று சொல்ல மறந்தேன். வேலைக்கான கடிதம் கையில் இல்லாமல் சொந்தக் காசில் ஏர்பஸ் டைப் ரேட்டிங், அதாவது அந்த ஒரு வகை விமானத்தை ஓட்டுவதற்கான தனிப் பயிற்சி, போடாதே. என் பேட்ச்சில் நாலு பேர் போட்டார்கள். ஒருவனுக்கு 2022-லேயே பெரிய ஏர்லைனில் வேலை கிடைத்தது. இன்று என்னைப்போல இரண்டு மடங்கு வாங்குகிறான், நன்றாக இருக்கிறான், சந்தோஷம். மற்ற மூன்று பேர் கடனோடு இன்னும் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவனைப் பார்த்து முடிவெடுப்பதா, மூன்று பேரைப் பார்த்தா என்பது உன் வீட்டு நிலைமையைப் பொறுத்தது.

2023 ஜூலையில் எனக்குக் கூப்பிட்டது ஏ.டி.ஆர். 72. பிரான்ஸில் துலூஸில் செய்வது. இரண்டு இன்ஜின், ஒவ்வொன்றிலும் ஆறு இறக்கை போட்ட புரொப்பெல்லர், எழுபது சொச்சம் சீட். முழு லோடில் 23 டன். அப்பாவின் ரிக் லாரியையும் கூடவே போகும் சப்போர்ட் லாரியையும் சேர்த்து எடை போட்டால் அதைவிடக் கூட வரும். போட்டோவைப் பார்த்த மாமா, "என்ன சாமி இது, காத்தாடி வெச்ச வண்டியா?" என்றார். அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் அதற்குப் பெயர் காத்தாடி வண்டி. சீர், கல்யாணம் எங்கே போனாலும் சோறு போடும் முன்னே கேள்வி வந்துவிடும்: "இன்னுமும் காத்தாடி வண்டிதானா? பெரிய பிளேன் எப்ப?"

டைப் ரேட்டிங்குக்கு 14 லட்சம், என் செலவு. அதற்கு மேல், வேலையை விட்டுப் போகக் கூடாது என்று மூன்று வருட பாண்ட். வகுப்பில் முதல் நாள் ஆளுக்கொரு காக்பிட் போஸ்டர் தந்தார்கள். இது ஒரு பழைய முறை. விமானத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு சுவிட்சும் அதே இடத்தில் அச்சடித்திருக்கும் பெரிய தாள். அதைச் சுவரில் ஒட்டி, முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையால் தொட்டுத் தொட்டு, வாயால் சொல்லிச் சொல்லிப் பழக வேண்டும். சிமுலேட்டர் பயிற்சி தொடங்கும் முன் பத்து நாள் வீட்டுக்கு வந்தபோது, அப்பாவின் ஆபீஸ் சுவரில்தான் ஒட்டினேன். ஒரு பக்கம் ஆயில் கம்பெனிக் காலண்டர், இன்னொரு பக்கம் முருகன். பேட்டா வாங்க வந்த டிரைவர் அண்ணன்கள் வாசலிலேயே நின்று, நான் தாளைத் தடவித் தடவி முணுமுணுப்பதைப் பார்ப்பார்கள். ஒருவர் அம்மாவிடம் போய், "பாப்பாவுக்கு மந்திரிக்கணுங்களா?" என்று கேட்டேவிட்டார்.

சிமுலேட்டர் நேரம் எங்களுக்கு ராத்திரி இரண்டிலிருந்து ஆறு வரை. ஜோடி ஜோடியாகப் போக வேண்டும். இரண்டு மணி நேரம் நீ ஓட்டு, இரண்டு மணி நேரம் அவன் ஓட்டுவதற்கு உதவி செய். டேக் ஆஃப் ஓட்டத்தில் இனிமேல் நிறுத்த முடியாது என்கிற வேகம் வந்ததும், பின்னால் உட்கார்ந்திருக்கும் இன்ஸ்ட்ரக்டர் ஒரு இன்ஜினை அணைப்பார். நின்ற இன்ஜினின் புரொப்பெல்லர் இறக்கைகள் தாமாகவே காற்றுக்கு விளிம்பைக் காட்டித் திரும்பிக்கொள்ளும், அடுத்த இன்ஜின் தானாகவே கூடுதல் பவர் எடுத்துக்கொள்ளும். வண்டி தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிடும். நம் வேலை காலில். வலது இன்ஜின் போனால் மூக்கு வலது பக்கம் இழுக்கும், இடது காலால் ரடரை மிதித்துப் பிடிக்க வேண்டும். முதல் நாள் நான் மிதித்தது பத்தவில்லை. ஓடுபாதையை விட்டுப் புல்லுக்குப் போய்விட்டேன். திரை சிவப்பாகி உறைந்து நின்றது. "எழுபது பேர்" என்று மட்டும் சொன்னார் இன்ஸ்ட்ரக்டர். விடிந்து ரூமுக்குப் போனபோது மாடிப்படி ஏற முடியாமல் தொடை நடுங்கியது.

பிறகு பயணிகள் இல்லாத விமானத்தில் ஏறி இறங்கும் சர்க்யூட், அப்புறம் பயணிகளோடு கேப்டன்களின் மேற்பார்வையில் பல மாதம், கடைசியில் 2024 ஏப்ரலில், இனி மேற்பார்வை வேண்டாம் என்று ரிலீஸ். அந்தப் பயிற்சிக் காலத்தில் கைக்கு வந்தது 45,000, பேங்க் தவணை 51,000. மீதி 6,000-ஐயும் என் சாப்பாட்டுச் செலவையும் அப்பா அனுப்பினார். யூனிஃபார்ம் தோளில் பட்டை, பேங்கில் மைனஸ். இதை ஏன் கணக்காகச் சொல்கிறேன் என்றால், இன்ஸ்டாகிராமில் கண்ணாடி போட்டுச் சிரிக்கும் பைலட்டுகள் யாரும் சொல்வதில்லை. நானும் அப்படி ஒரு போட்டோ போட்டேன்தான்.

சரி, வண்டிக்கு வருகிறேன்.

ஜெட்டில் தரையில் நிற்கும்போது கரண்டுக்கும் ஏசிக்கும் வால் பக்கம் ஒரு குட்டி இன்ஜின் இருக்கும். ஏ.டி.ஆரில் அது கிடையாது. அதற்குப் பதில் வலது இன்ஜினையே ஓடவிட்டு, அதன் புரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவிடுவோம். ஹோட்டல் மோட் என்று பெயர். உள்ளே இன்ஜின் கத்திக்கொண்டிருக்கும், வெளியே புரொப்பெல்லர் சிலை மாதிரி நிற்கும். பின்னாலிருந்து காற்று பலமாக அடித்தால் புகை வாசம் கேபினுக்குள் வந்துவிடும் என்பதால், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். இதை அப்பாவுக்கு விளக்க இருபது நிமிடம் ஆனது. வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடினால் டீசல் நஷ்டமில்லையா என்பதே அவர் கேள்வி. எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப அது ஜெனரேட்டர்னு சொல்லு" என்றார். எங்கள் டெக்னிக்கல் வகுப்பில் யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

பயணிகள் ஏறுவது பின்கதவு வழியாக. சாமான் முன்பக்கம். எல்லோரும் ஒரே நேரத்தில் வாலில் ஏறினால் வண்டி பின்னால் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக வாலுக்கு அடியில் ஒரு முட்டுக் கம்பி வைப்பார்கள். கிளம்பும் முன் அதை எடுத்தாயிற்றா என்று பார்ப்பது, இறக்கையின் முன் விளிம்பில் ஒட்டியிருக்கும் கறுப்பு ரப்பரில் கிழிசல் இருக்கிறதா என்று பார்ப்பது, டயர், ஆயில் கசிவு எல்லாம் சுற்றிவந்து பார்ப்பது எஃப்.ஓ. என்கிற ஃபர்ஸ்ட் ஆபீசர் (கோ-பைலட்) வேலை, அதாவது என் வேலை. அந்த ரப்பர் உறை காற்றில் உப்பி, இறக்கையில் பிடிக்கும் ஐஸைத் தட்டி உடைக்கும். நாமக்கல் வெயிலில் வளர்ந்த எனக்கு இங்கே ஐஸ் என்றால் நம்பவே முடியவில்லை. ஆனால் நாங்கள் பறக்கும் 17,000, 18,000 அடியில் மேகத்துக்குள் போனால், கீழே கத்திரி வெயில் கொளுத்தினாலும், ஜன்னலுக்கு வெளியே உள்ள சின்னக் குச்சியில் வெள்ளையாகப் படிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஜெட்டுகள் 35,000 அடியில் மழைமேகத்துக்கு மேலேயோ ஒதுங்கியோ போய்விடும். எங்களால் 25,000 அடிக்கு மேல் ஏற முடியாது. மேகத்தின் வயிற்றுக்குள்தான் எங்களுக்கு வழி. ரேடாரில் பச்சை, மஞ்சள், சிவப்பு பார்த்து, இரண்டு சிவப்புக்கு நடுவில் எத்தனை மைல் இடைவெளி என்று எண்ணி வளைந்து வளைந்து போக வேண்டும். ஐப்பசி மாதத்தில் சென்னைக்கு வரும் சாயங்காலங்களில் காபி கேட்கவே தோன்றாது.

ஊர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையின் பெரிய ஓடுபாதை 3,600 மீட்டருக்கு மேல். சேலம் 1,800 மீட்டர். ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது, ரேடியோ சிக்னலால் ஓடுபாதைக்கு வழிகாட்டும் ஐ.எல்.எஸ். கிடையாது, கிழக்கே சேர்வராயன் மலை. இறங்கும்போது மேற்கே மேட்டூர் அணை தகடு மாதிரி தெரியும். போன் செய்தால் அப்பா முதலில் கேட்பது, "தண்ணி எவ்வளவு நிக்குது?" 120 அடிக்குத் தளும்பினால் அவர் முகம் சுருங்கும்; மழை நல்லா இருந்தால் போர் போட ஆள் வராது. தூத்துக்குடி வாகைகுளத்தில் சமீபம் வரைக்கும் 1,350 மீட்டர்தான் இருந்தது, எங்களைப் போன்ற காத்தாடி வண்டிகளின் ராஜ்ஜியம். இப்போது 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புது டெர்மினலும் திறந்துவிட்டார்கள். ஊருக்கு நல்லது. எனக்குக் கொஞ்சம் பொறாமை.

எல்லாவற்றுக்கும் மேல் அகத்தி. லட்சத்தீவு. 1,204 மீட்டர். கொச்சியிலிருந்து ஒன்றரை மணி நேரம் கடலைத் தவிர ஒன்றும் தெரியாது, திடீரென்று பச்சையும் நீலமுமாக ஒரு மீன்முள் மாதிரி தீவு வரும், அதன் நுனியில் கோடு போட்டது போல ஓடுபாதை. இரண்டு முனையிலும் கடல். வானிலை கெட்டு அங்கே இறங்க முடியாவிட்டால் பக்கத்து ஊர் என்று எதுவும் இல்லை, மறுபடி கரைக்குத்தான் வர வேண்டும். அதற்கும் சேர்த்து எரிபொருள் போட்டால் எடை கூடும், எடை கூடினால் அந்தக் குட்டி ஓடுபாதை தாங்காது, ஆகவே சீட் காலியாக இருக்கும்போதே ஆட்களைக் குறைத்து ஏற்றுவோம். வாசலில் ஒரு பெரியவர், "இத்தன சீட்டு காலியா கெடக்கே, என் மருமகனுக்கு இல்லைன்னுட்டீங்களே" என்று திட்டிவிட்டுப் போனார். அவருக்கு நின்று விளக்க நேரமில்லை. அகத்தியில் லேண்டிங் எப்போதும் கேப்டனுடையது. நான் உயரத்தையும் வேகத்தையும் வாயால் சொல்லிக்கொண்டு, உள்ளங்கை வியர்வையைப் பேண்டில் துடைத்துக்கொள்வேன்.

மற்ற ஊர்களிலும் எல்லா கேப்டனும் எஃப்.ஓ.வுக்கு லேண்டிங் தந்துவிட முடியாது. அதற்கென்று அனுமதி பெற்றவர்கள்தான் தரலாம். வானிலை சரியில்லாவிட்டால் அவர்களும் தர மாட்டார்கள். ரோஸ்டர், அதாவது டியூட்டிப் பட்டியல், வந்ததும் நாங்கள் பார்ப்பது எந்த ஊர் என்பதை அல்ல, எந்த கேப்டன் என்பதைத்தான்.

எனக்குக் கிடைத்தவர் ஒரு மலையாளி கேப்டன். கடற்படையில் இருந்தவர். அதிகம் பேச மாட்டார். என் முதல் சில லேண்டிங்குகளில் அவர் சொன்னதெல்லாம் ஒன்றே ஒன்று: "மோளே, கால் உறங்குகயாணோ?" கால் தூங்குகிறதா? புரொப்பெல்லர் விமானத்தில் பவரைக் கூட்டினாலும் குறைத்தாலும் மூக்கு ஒரு பக்கம் நழுவும். ஒவ்வொரு முறையும் கால் அதை மிதித்து நேராக்க வேண்டும். கைக்கு இருக்கும் அறிவு காலுக்கும் வேண்டும். மூன்று வருடம் பேட்டா கணக்கு எழுதிய என் கால்களுக்கு அந்த அறிவு போய்விட்டிருந்தது.

2024 ஜூலை, கோயம்புத்தூர். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முழு வீச்சில் இருந்த நாள். ஓடுபாதை 23, அதாவது 230 டிகிரி திசை பார்த்தது; காற்று 260 டிகிரியிலிருந்து 18 நாட் வேகம். வலது பக்கத்திலிருந்து சாய்வாக வருகிறது. ஓடுபாதை நேராக இருக்கிறது, நாங்கள் நண்டு மாதிரி மூக்கை வலப்பக்கம் திருப்பிக்கொண்டு இறங்குகிறோம். சூலூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்புகளின் மேல் வண்டி இரண்டு முறை தூக்கிப் போட்டது. நான் கேப்டனைத் திரும்பிப் பார்த்தேன், "நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்வார் என்று. அவர் கையைத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே இருந்தார். ஐம்பது அடி. பவரைக் குறைக்கிறேன், இடது கால் தானாக உள்ளே போகிறது, மூக்கு நேராகிறது, வலது இறக்கையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடிக்கிறேன். இருபது. பத்து. வலது சக்கரம் முதலில் தொட்டது, அப்புறம் இடது, அப்புறம் கொஞ்சம் சத்தமாகவே மூக்கு. பின்னால் யாரோ "அம்மாடி" என்றது கதவைத் தாண்டிக் கேட்டது. வேகம் 70 நாட் வந்ததும் கேப்டன் எடுத்துக்கொண்டார். தரையில் திருப்பும் சின்னக் கைப்பிடி அவர் பக்கம் மட்டும்தான் இருக்கிறது.

நிறுத்தி, பயணிகள் எல்லோரும் இறங்கி, பேப்பர் வேலை எல்லாம் முடிந்த பிறகு, பேனாவை மூடியபடி சொன்னார்: "இந்நு கால் உணர்ந்நு." எனக்கு முதலில் புரியவில்லை. மலையாளத்தில் உணர்வது என்றால் விழித்துக்கொள்வது என்று ராத்திரி ஓட்டலில் படுத்திருக்கும்போதுதான் உறைத்தது.

ஒரு ஊரில் ஏறி அடுத்த ஊரில் இறங்கினால் ஒரு செக்டர். ஒரு நாளைக்கு நாலு செக்டர், சில நாள் ஆறு. ஒவ்வொன்றும் ஐம்பது நிமிடம், ஒரு மணி நேரம். மாதம் அறுபது மணி நேரம் பறந்தால் ஐம்பதுக்கு மேல் டேக் ஆஃப், ஐம்பதுக்கு மேல் லேண்டிங். எல்லாம் என் கையால் இல்லாவிட்டாலும் என் கண்முன். ஏர்பஸ்ஸில் இருக்கும் நண்பன் டெல்லி போய் வந்தால் ஒரு நாளைக்கு இரண்டு. "நீ பஸ் கண்டக்டர்டி, ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிறுத்தற" என்று அவன் சொல்வான். எனக்கு அதில் கோபம் வருவதில்லை. போன முறை அவன், நேராகக் காற்று அடித்தாலே ஆட்டோபைலட்டைத்தான் கும்பிடுகிறேன் என்று ஒத்துக்கொண்டான். அது பாதி பொய்யாகவும் இருக்கலாம். நல்லவன், என்னை ஆறுதல் படுத்துவான்.

ஆனால் தம்பி, இதையெல்லாம் கேட்டுவிட்டு ஏதோ சொர்க்கம் என்று நினைத்துக்கொள்ளாதே. சின்ன ஏர்லைனில் ஒரு விமானம் பழுதானால் அன்றைய அட்டவணை மொத்தமும் சரிந்துவிடும். வெளியூர் பேஸ் கிடைத்தால் வாடகை வீடும் புது மொழியும் உன் தலையில். சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2,500 ரூபாய் சீட் என்று தொடங்கிய வழித்தடங்களுக்கு அரசு மானியம் மூன்று வருடத்துக்குத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நின்று போனவை நிறைய. நம் சேலத்துக்கே சென்னை விமானம் 2018-ல் வந்து, இடையில் நின்றுபோய், மறுபடி 2023 அக்டோபரில்தான் வந்தது. 2003-ல் ஏர் டெக்கான் இதே ஏ.டி.ஆர். வகையில்தான் சின்ன ஊர்களுக்குப் பறக்க ஆரம்பித்தது. இன்று அந்தப் பெயர் வானத்தில் இல்லை. கம்பெனியின் கணக்கு உன் கையில் கிடையாது. உன் லாக்புக் உன் கையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று. ஒவ்வொரு நாளும் பறக்கும் முன், குடித்திருக்கிறோமா என்று பார்க்கும் மெஷினில் ஊத வேண்டும். அதில் பூஜ்யம் தவிர எது வந்தாலும் வேலைக்கு ஆபத்து. பறப்பதற்கு முந்தைய பன்னிரண்டு மணி நேரத்தில் குடிக்கக் கூடாது என்பது குடிக்கிறவர்களுக்கு. என்னைப் போன்றவர்களுக்கு இருமல் மருந்தும் வாய் கொப்பளிக்கும் திரவமும் கூட எதிரி. சளி என்று அம்மா டானிக் பாட்டிலை நீட்டினால் முதலில் பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பேன். அம்மாவுக்கு அது பெரிய அவமானம்.

இப்போது என் லாக்புக்கில் மொத்தம் 1,350 மணி நேரம் ஆகிறது. 1,500 வந்தால், கேப்டன் ஆவதற்கு வேண்டிய ஏ.டி.பி.எல். லைசென்ஸுக்கு எழுதலாம். அதற்குப் பிறகு இதிலேயே கேப்டனின் இடது சீட்டா, ஜெட்டா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பாண்ட் முடிய ஒரு வருடம் இருக்கிறது. மாமா அடுத்த விசேஷத்தில் கேட்பார், அப்போது யோசித்துக்கொள்ளலாம்.

தம்பி நேற்று மறுபடி கூப்பிட்டான். சேர்ந்துவிட்டான், அடுத்த திங்கள் வகுப்பு. முன்கூட்டியே பழக போஸ்டர் இருக்குமா என்று கேட்டான். தருகிறேன் என்று சொல்லிவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டேன், சுவரிலிருந்து கிழியாமல் எடுத்து வைக்கச் சொல்லி.

"அத எதுக்கு எடுக்கோணும்?" என்றார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் யாரோ டிரைவர் அண்ணன் குரல், "ஏனுங்க, அந்த ஜெனரேட்டரு சுவிட்சு இதுதானுங்களா?" என்று கேட்பது காதில் விழுந்தது.

"அதுக்கு மேல பாரு" என்று அந்தப் பக்கம் சொல்லிவிட்டு அப்பா என்னிடம் வந்தார். "அந்தப் பையனுக்கு வேற ஒண்ணு பிரிண்ட் போட்டுக் குடு கண்ணு. ஈரோட்டுல பெருசா போடறாங்க. காசு நான் குடுத்துக்கறேன்."